புதிய நூலுக்கு வலைப்பூச் சுற்று: திட்டமிடல் முதல் கடைசிச் சுட்டி வரை

வலைப்பூச் சுற்று என்றாலும் பிளாக் டூர் என்றாலும், பெயரில் இருக்கிற பயணம் வேலையில் இல்லை. ஒன்றிரண்டு வாரத்துக்குள், நாளுக்கு ஒரு தளம் என்ற கணக்கில், வெவ்வேறு வலைப்பூக்களில் உங்கள் புதிய நூலைப் பற்றி ஏதாவது வெளிவரும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்வதுதான் அது. மதிப்புரை, நேர்காணல், நூலிலிருந்து ஒரு பகுதி, நீங்களே எழுதிக் கொடுக்கும் கட்டுரை, எதுவாகவும் இருக்கலாம். பாட்காஸ்டிலோ யூடியூப் சேனலிலோ விருந்தினராகப் பேசுவதையும் இதோடு சேர்த்தே திட்டமிடலாம். தேடுவது, கேட்பது, தேதி குறிப்பது எல்லாம் ஒரே முறைதான்.

என்ன கிடைக்கும் என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஒரு பதிவு வெளியான அன்றே பிரதிகள் மளமளவென்று விற்பது அரிது. கிடைப்பது வேறு. உங்கள் பெயரையோ நூலின் பெயரையோ கூகுளில் தேடுகிறவருக்கு விற்பனைப் பக்கம் தவிர நாலு பக்கங்கள் கிடைக்கும். விளம்பரத்தில் எடுத்தாள மதிப்புரை வரிகள் சேரும். ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் அட்டையைப் பார்த்தவருக்கு நூலின் பெயர் மனதில் நிற்கும். அடுத்த நூலுக்கு யாரிடம் போவது என்பதும் தெரிந்திருக்கும். இந்த வாரமே விற்பனை கூடியாக வேண்டும் என்றால் விலைச் சலுகையும் கட்டண விளம்பரமும்தான் வழி. சுற்று அதற்கானதல்ல.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் அங்கே மட்டும் கிடைக்கிற ஏதாவது ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். அதே பின்னட்டைக் குறிப்பு, அதே ஐந்து கேள்வி, அதே முதல் அத்தியாயம் பத்துத் தளங்களில் வந்தால் அது பத்துப் பதிவல்ல, ஒரே பதிவுதான். வாசகர் இரண்டாவதைத் திறந்ததுமே மூடிவிடுவார். தேடுபொறியும் ஒரே உரை கொண்ட பக்கங்களில் ஒன்றைக் காட்டிவிட்டு மற்றவற்றை ஒதுக்கிவிடும்.

வெளியீட்டு நாளிலிருந்து பின்னோக்கி

நூல் கையில் வந்த பிறகு சுற்றைப் பற்றி யோசிப்பவர் ஏற்கெனவே மூன்று மாதம் பிந்திவிட்டார். நல்ல வலைப்பூக்களில் மதிப்புரைக்கான வரிசை மாதக்கணக்கில் நீளும். அதனால் கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள்.

1. 12 வாரத்துக்கு முன்: தளங்களின் பட்டியல்.
2. 10 வாரத்துக்கு முன்: வேண்டுகோள் மின்னஞ்சல்கள். பாட்காஸ்ட்களுக்கு முடிந்தால் இன்னும் இரண்டு வாரம் முந்தி. பதிவு செய்த உரையாடல் வெளிவர ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம்.
3. 8 வாரத்துக்கு முன்: ஒப்புக்கொண்டவர்களுக்கு முன்பிரதி, அதாவது வெளியீட்டுக்கு முன்பே வாசிக்கத் தரும் பிரதி.
4. 4 வாரத்துக்கு முன்: கட்டுரைகளும் நேர்காணல் பதில்களும் எழுதி முடிந்திருக்க வேண்டும்.
5. 2 வாரத்துக்கு முன்: எல்லாம் எல்லோர் கையிலும். ஓர் ஒற்றை நினைவூட்டலும்.

முதல் நூலுக்கு 5 முதல் 8 தளங்கள், 7 முதல் 10 நாள் போதும். முப்பது நாளுக்கு முப்பது தளம் என்று கிளம்புகிறவர்கள் இரண்டாவது வாரத்திலேயே சொன்னதையே திரும்பச் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். நடுவில் ஒருநாள் காலியாக விட்டுவையுங்கள். யாராவது ஒருவர் கடைசி நேரத்தில் தள்ளிப்போடுவார், அவருக்கு அந்த நாள் உதவும்.

வாங்க வழியில்லாத நூலுக்குச் சுற்று நடத்தாதீர்கள். மின்னூலாக இருந்தால் முன்பதிவைத் திறந்துவைத்துவிட்டு ஓரிரு நாள் முன்னதாகத் தொடங்கலாம். அச்சு நூலுக்கு வெளியீட்டு நாளுக்கும் சுற்றின் முதல் நாளுக்கும் நடுவே ஒரு வாரம் இடைவெளி வையுங்கள். அச்சகத்திலும் விநியோகத்திலும் தேதி நழுவுவது வழக்கம், ஆனால் எட்டுப் பேருடன் பேசி முடித்த தேதிகளை நகர்த்துவது பெரும்பாடு.

தளங்களைத் தேடுதல்

உங்கள் நூலைப் போன்ற, கடந்த ஓரிரு ஆண்டுகளில் வந்த நாலைந்து நூல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் பெயரையும் "மதிப்புரை", "நேர்காணல்" என்ற சொற்களோடு சேர்த்துத் தேடுங்கள். அவற்றைப் பற்றி எழுதியவர்களே உங்கள் முதல் பட்டியல். ஒரு விரிதாளில் தளத்தின் பெயர், எழுதுபவர் பெயர், எதைப் பற்றி எழுதுகிறார், கடைசிப் பதிவின் தேதி, பின்னூட்டங்கள் வருகின்றனவா, மதிப்புரை விதிமுறைப் பக்கம் உண்டா, தொடர்பு வழி ஆகியவற்றைக் குறியுங்கள். 25 முதல் 30 பேர் வரை சேருங்கள், எட்டுப் பேர் தேறினாலே நல்ல பலன்.

பின்தொடர்பவர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். இருநூறு பேர் வாசித்து இருபது பேர் பேசுகிற இடம், இருபதாயிரம் பேர் கடந்து போகிற இடத்தைவிட மேல். இரண்டு மாதமாகப் பதிவே இல்லாத தளம், எல்லா நூலுக்கும் ஐந்து நட்சத்திரம் போடும் தளம், பதிவு முழுக்கப் பரிசுப் போட்டியாகவே இருக்கும் தளம் ஆகியவற்றை அடித்துவிடுங்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது நூல் வலைப்பூ அல்லாத தளங்களைத்தான். கைரேகை நிபுணர் ஒருவர் துப்பறியும் நாவல் என்று வைத்துக்கொள்வோம். மர்ம நாவல் வாசகர்களின் தளம் ஒன்று. தடயவியல் பற்றி எழுதுகிறவர் இன்னொருவர். பணி ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றிய தளம் மூன்றாவது, ஏனென்றால் நாயகன் ஓய்வு பெற்றவன். எழுதுகிறவர்களுக்கான தளம் நான்காவது, அங்கே ஆய்வுத் தகவலைக் கதையில் கரைப்பது எப்படி என்று எழுதலாம். நூல் தளங்களில் நீங்கள் இன்னொரு புதிய நூல், அவ்வளவுதான். தடயவியல் தளத்திலோ அந்த மாதத்தில் வந்த ஒரே நாவல் உங்களுடையதாக இருக்கலாம்.

சுற்றை ஏற்பாடு செய்து தரும் நிறுவனங்களும் உண்டு. தளங்களைத் திரட்டி, தேதி குறித்து, பிரதிகளை அனுப்பும் வேலைக்குக் கட்டணம் கொடுப்பதில் தவறில்லை. மதிப்புரைக்கே கட்டணம் கேட்டால் விலகிவிடுங்கள். அமேசான் கட்டண மதிப்புரைகளை அனுமதிப்பதில்லை, கண்டால் நீக்கிவிடும். நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அவர்கள் நடத்திய பழைய சுற்று ஒன்றின் எல்லாப் பதிவுகளையும் திறந்து பாருங்கள். ஒரே விளம்பரக் குறிப்பைப் பதினைந்து இடத்தில் ஒட்டியிருந்தால் உங்களுக்கும் அதுதான் நடக்கும்.

வேண்டுகோள் மின்னஞ்சல்

ஒருவருக்கு ஒன்று என்று தனித்தனியாக அனுப்புங்கள். ஐம்பது முகவரிகளை மறைநகலில் போட்டு "அன்புள்ள வலைப்பதிவரே" என்று தொடங்கும் மடல் நேரே குப்பைக்குப் போகும். 150 முதல் 200 சொல் போதும், கோப்பு எதையும் இணைக்க வேண்டாம். தளத்தில் விதிமுறைப் பக்கம் இருந்தால் அதை முழுக்க வாசித்துவிட்டு எழுதுங்கள். "மின்னூல் ஏற்பதில்லை" என்று அங்கே எழுதியிருக்கும், நீங்கள் மின்னூல் தருவதாகச் சொல்வீர்கள், அதோடு முடிந்தது. கட்டமைப்பு இப்படி இருக்கலாம்:

"தலைப்பு: விருந்தினர் கட்டுரை அல்லது மதிப்புரை: (நூலின் பெயர்), துப்பறியும் நாவல், (வெளியீட்டு மாதம்)

வணக்கம் (பெயர்). மரண நேரத்தை நிமிடக் கணக்கில் சொல்லிவிடும் நாவல் மருத்துவர்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். நிபுணரின் சாட்சியம் எவ்வளவு உறுதியானது என்ற அந்தக் கேள்விதான் என் நாவலின் மையமும் என்பதால் எழுதுகிறேன்.

(நூலின் பெயர்) (தேதி) அன்று வெளியாகிறது, 240 பக்கம். ஓய்வுபெற்ற கைரேகை நிபுணர் ஒருவர், இருபது ஆண்டுகளுக்கு முன் தான் அளித்த சாட்சியம் பிழையோ என்று ஐயுற்று, முடிந்துபோன வழக்கை மறுபடி தோண்டுகிறார்.

உங்கள் தளத்துக்காக, காகிதத்தில் பதிந்த பழைய கைரேகையை எப்படி வெளிக்கொணர்கிறார்கள் என்று 800 சொல்லில் ஒரு கட்டுரை எழுதித்தர முடியும். மதிப்புரை எழுதவே விருப்பம் என்றால் இபப் (மின்னூல்) கோப்போ அச்சுப் பிரதியோ அனுப்புகிறேன். (தேதி) முதல் (தேதி) வரை உங்களுக்கு வசதியான நாளைச் சொல்லலாம். இயலாவிட்டாலும் பரவாயில்லை. நன்றி."

இதில் முதல் பத்திதான் முழு மடலையும் தாங்குகிறது. "உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன்" என்று பொதுவாக எழுதினால், வாசிக்கவில்லை என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை இரண்டு வரி நினைவூட்டல், அதன் பிறகு விட்டுவிட வேண்டும். மறுத்தவரிடம் காரணம் கேட்காதீர்கள்.

அனுப்பத் தயாராக ஒரு கோப்புறை

ஒப்புதல் வந்ததும் ஒரே சுட்டியில் எல்லாம் கிடைக்கும்படி இணையச் சேமிப்பகத்தில் ஒரு கோப்புறை வையுங்கள், கடவுச்சொல் இல்லாமல், யாரும் திறக்கும்படி. ஜிமெயில் 25 எம்பிக்கு மேல் இணைப்பாக ஏற்காது என்பதால் மட்டுமல்ல, பிறகு அட்டை மாறினாலும் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

உள்ளே இருக்க வேண்டியவை: முன்னட்டை இரண்டு அளவில், ஒன்று அச்சுக்கான பெரியது, மற்றொன்று இணையத்துக்கு, 300 கேபிக்குள். முகம் தெளிவாகத் தெரியும் உங்கள் ஒளிப்படம், எடுத்தவர் பெயருடன். உங்களைப் பற்றிய குறிப்பு 50, 100, 200 சொல் என மூன்று அளவில், படர்க்கையில். நூல் அறிமுகம் ஒரு வரியில் ஒன்று, 100 சொல்லில் ஒன்று. ஐஎஸ்பிஎன், பக்க எண்ணிக்கை, பதிப்பகம், வெளியீட்டு நாள், கிடைக்கும் வடிவங்கள், வாங்கும் சுட்டி. சமூக ஊடகத்தில் பகிரும்போது முன்னோட்டமாக வர 1200க்கு 630 பிக்சல் அளவில் ஒரு படம். கோப்புகளுக்கு நூலின் பெயரையே வையுங்கள். "ஃபைனல் 3" என்ற பெயரில் பதிவிறங்கும் படம் அவருடைய கணினியில் தொலைந்துபோகும்.

வாங்கும் சுட்டியைச் சுத்தம் செய்து கொடுங்கள். அமேசானில் தேடிப் பிடித்த பக்கத்தின் முகவரியை அப்படியே நகலெடுத்தால் நீங்கள் தேடிய சொல், நேரக் குறி எல்லாம் சேர்ந்த நீளமான வால் ஒட்டிக்கொள்ளும். "டிபி" (dp) என்ற பகுதிக்கு அடுத்து வரும் 10 எழுத்து அடையாள எண் வரை வைத்துக்கொண்டு மீதியை வெட்டினாலும் பக்கம் சரியாகத் திறக்கும். எல்லா விற்பனை இடங்களையும் காட்டும் உங்களுடைய சொந்தப் பக்கம் ஒன்று இருந்தால் இன்னும் மேல்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: உரை எல்லாம் யுனிகோடில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை வலைப்பூவில் ஒட்டினால் குறியீட்டுக் குவியலாகத் தெரியும். பக்க வடிவமைப்பு முடிந்த பிடிஎஃப்பிலிருந்து நகலெடுப்பதும் ஆபத்து. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி, சொற்கள் உடைந்துவிடும். தட்டச்சு செய்த மூலக் கோப்பிலிருந்தே பகுதிகளை எடுங்கள்.

முன்பிரதி

இபப், பிடிஎஃப் இரண்டும் அனுப்புங்கள். சிலர் கைப்பேசியிலும் சிலர் கணினியிலும் வாசிப்பார்கள், கைப்பேசியில் பிடிஎஃப் வாசிப்பது தண்டனை. முதல் பக்கத்தில் "திருத்தப்படாத முன்பிரதி, மேற்கோள் காட்டும் முன் இறுதிப் பிரதியுடன் ஒப்பிடவும்" என்று போடுங்கள். மதிப்புரை எந்த நாளுக்கு முன் வெளிவரக் கூடாது என்பதையும் எழுதுங்கள்.

பிரதி கொடுத்ததற்காக நல்ல மதிப்புரையையோ, மதிப்புரையையே கூட, நிபந்தனையாக்க முடியாது. இலவசப் பிரதி தரலாம், ஆனால் பதிலுக்கு எதையும் கோரக் கூடாது என்பதே அமேசானின் விதி. குடும்பத்தினரும் நெருங்கிய நண்பர்களும் எழுதும் மதிப்புரைகளையும் அது ஏற்பதில்லை. பிரதி இலவசமாகக் கிடைத்தது என்பதைப் பதிவர் வெளிப்படையாகச் சொல்வதும் அவசியம். அமெரிக்க வணிக ஆணையத்தின் வழிகாட்டல் 2009 முதலே வலைப்பதிவர்களையும் உள்ளடக்குகிறது, பல நாடுகளிலும் இப்படி விதிகள் உண்டு. பதிவர் மறந்துவிட்டால் நீங்களே நினைவுபடுத்துங்கள். மதிப்புரை பாதகமாக வந்தால்? நன்றி சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். பின்னூட்டத்தில் இறங்கி வாதாடிய எழுத்தாளரைத்தான் ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும், மதிப்புரையை அல்ல.

விருந்தினர் கட்டுரை

சுற்றில் உங்கள் உழைப்பு அதிகம் போக வேண்டிய இடம் இது. மதிப்புரை இன்னொருவர் கையில் இருக்கிறது, கட்டுரை உங்கள் கையில்.

அளவு 700 முதல் 1000 சொல். நூலை வாங்கவே போகாத வாசகருக்கும் அதில் ஏதாவது கிடைக்க வேண்டும். இதுவே ஒரு கட்டுரை தேறுமா என்பதற்கான சோதனை. "நான் ஏன் இந்த நாவலை எழுதினேன்" என்ற தலைப்பு உங்களை முன்பே அறிந்தவர்களுக்கு மட்டுமே சுவைக்கும். அதே விஷயத்தை வெளியிலிருந்து தொடங்குங்கள். நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருள் காகிதத்தில் ஒட்டியிருக்கும் வியர்வையின் அமினோ அமிலத்தோடு வினைபுரிந்து கைரேகையை ஊதா நிறத்தில் காட்டும். பழைய கடிதம் ஒன்றிலிருந்து ரேகை எழும்பும் அந்தக் காட்சியோடு தொடங்கினால் வாசகர் நிற்பார். நாவலின் பெயர் கட்டுரைக்குள் ஒரே ஒரு முறை, இயல்பாக வரும் இடத்தில் வரட்டும். மீதி வேலையைக் கீழே வரும் ஆசிரியர் குறிப்பும் அட்டைப் படமும் செய்யும். பத்திக்கு ஒரு முறை நூலின் பெயர் வரும் கட்டுரையைப் பதிவர் திருப்பி அனுப்பினால் அவர்மேல் குறை சொல்ல முடியாது.

எழுதும் முன் அந்தத் தளத்தின் கடைசிப் பத்துப் பதிவுகளை வாசித்து, பத்தி நீளம், துணைத்தலைப்புகள், பேச்சுநடையா எழுத்துநடையா என்பதைக் கவனியுங்கள். ஒரே கருவை இரண்டு தளங்களுக்குச் சொல் மாற்றிக் கொடுக்காதீர்கள். கட்டுரையை உங்கள் சொந்தத் தளத்தில் மறுபடி போடலாமா, எத்தனை நாள் கழித்து என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு கொடுக்கும் சுட்டிகளுக்கு "ஸ்பான்சர்ட்" (இது கட்டணச் சுட்டி என்று தேடுபொறிக்குச் சொல்லும்) குறி இட வேண்டும் என்பது கூகுள் 2019 முதல் சொல்லிவருவது. பதிவர் அப்படிக் குறியிட்டால் தடுக்காதீர்கள், வாசகர் சொடுக்குவதற்கு அது தடையல்ல.

நேர்காணலும் நூல் பகுதியும்

மின்னஞ்சலில் கேள்விகள் வந்தால் ஒவ்வொரு பதிலும் 80 முதல் 150 சொல்லுக்குள் இருக்கட்டும். எல்லோரும் கேட்கும் கேள்விகள் சில உண்டு: எப்போது எழுதத் தொடங்கினீர்கள், யாருடைய பாதிப்பு, அடுத்தது என்ன. இவற்றுக்கு ஒவ்வொரு தளத்திலும் வேறு வேறு நிகழ்ச்சியைச் சொல்லும்படி முன்கூட்டியே பிரித்து வையுங்கள். கேள்விகளே சலிப்பாக இருந்தால், நீங்கள் விரும்பும் மூன்று கேள்விகளைப் பணிவாக முன்மொழியலாம். பெரும்பாலான பதிவர்களுக்கு அது வேலை மிச்சம்.

பகுதி வெளியிடுவதானால் 600 முதல் 1000 சொல், ஏதாவது நடந்துகொண்டிருக்கும் இடத்திலிருந்து, முடியாத இடத்தில் நிறுத்துங்கள். முதல் அத்தியாயம் விற்பனைப் பக்கத்தின் மாதிரியிலேயே கிடைக்கும், வேறு எதையாவது கொடுங்கள். கிண்டில் செலக்ட் திட்டத்தில் மின்னூலைச் சேர்த்திருப்பவர்கள் ஒரு கணக்கை மறக்கக் கூடாது: 90 நாள் காலத்துக்கு மின்வடிவம் அமேசானுக்கு மட்டுமே உரியது, வெளியே மாதிரியாக 10 சதவீதம் வரைதான் வைக்கலாம். நான்கு தளங்களில் நான்கு வெவ்வேறு பகுதி கொடுத்தால் அவை எல்லாம் சேர்ந்து அந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும். பதிப்பகம் வழியாக வந்த நூலென்றால், எவ்வளவு வெளியிடலாம் என்று அவர்களிடம் கேட்டுவிட்டே கொடுங்கள்.

பாட்காஸ்டில் விருந்தினராக

அந்த நிகழ்ச்சியில் ஏற்கெனவே வெளியான உரையாடல்களில் குறைந்தது இரண்டைக் கேட்டுவிட்டு வேண்டுகோளை எழுதுங்கள். பதிவு நாளில் பெரிய மைக் தேவையில்லை, அமைதியான சிறிய அறைதான் தேவை. திரைச்சீலை, துணி, புத்தக அடுக்கு இருக்கும் அறையில் எதிரொலி குறையும். காதுக்கருவி (ஹெட்போன்) கட்டாயம். போடாவிட்டால் எதிர்முனைக் குரல் உங்கள் மைக்கில் மறுபடி ஏறும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் இருந்தால் "ப", "ட" ஒலிகள் வெடிக்காது. மின்விசிறியை நிறுத்துங்கள், கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள்.

நூலை ஒரே மூச்சில் சொல்லும் இரண்டு வாக்கியங்களையும், உரக்க வாசிக்க இரண்டு நிமிடப் பகுதி ஒன்றையும் தயாராக வைத்திருங்கள். கேள்விக்கு "அதை நூலில் எழுதியிருக்கிறேன், வாசித்துப் பாருங்கள்" என்று பதில் சொன்னால் கேட்பவர் நூலையும் வாசிக்க மாட்டார், நிகழ்ச்சியையும் தொடர மாட்டார். பதிலைச் சொல்லிவிடுங்கள். வாய்மொழியாகச் சொல்லும் இணைய முகவரி எழுத்துக்கூட்டாமல் புரியும்படி சுருக்கமாக இருக்கட்டும். அதையே நிகழ்ச்சிக் குறிப்பிலும் எழுதித்தரும்படி கேளுங்கள்.

பரிசுப் போட்டி வேண்டுமா என்றால், முதல் சுற்றில் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பரிசுக்காக வருகிறவர் பரிசோடு போய்விடுவார். செய்வதானால் முடிவு நாள், யார் கலந்துகொள்ளலாம், தபால் எந்த நாடுகளுக்கு என்பதை எழுத்தில் வையுங்கள். குலுக்கல் போட்டிகளுக்குச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு.

பதிவு வெளியாகும் நாள்

காலையில் முதல் வேலை, பதிவைத் திறந்து எல்லாச் சுட்டிகளையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்ப்பது. தவறான சுட்டி, பழைய அட்டை, பெயரில் எழுத்துப்பிழை, இந்த மூன்றுதான் அடிக்கடி வரும். திருத்தம் கேட்கும் மடல் தனியாக, இரண்டு வரியில் போகட்டும், பொதுப் பின்னூட்டத்தில் வேண்டாம். பதிவே வரவில்லையென்றால் நேர வித்தியாசத்தைக் கணக்கில் வையுங்கள். வேறு கண்டத்தில் இருப்பவருக்கு உங்கள் திங்கள்கிழமை இன்னும் விடியாமல் இருக்கலாம். அட்டவணையில் தேதியோடு எந்த நாட்டு நேரம் என்பதையும் எழுதியிருந்தால் இந்தத் தவிப்பு இருக்காது.

பதிவைப் பகிரும்போது உங்கள் நூலைப் புகழாமல் பதிவரின் எழுத்தைச் சுட்டிக்காட்டுங்கள். வரும் பின்னூட்டங்களுக்கு இரண்டு நாளாவது போய்ப் பதில் எழுதுங்கள். நன்றி மடல் அன்றைக்கே போக வேண்டும்.

எந்தத் தளத்திலிருந்து யார் வந்தார்கள் என்பதை அறிய, உங்கள் சொந்தப் பக்கத்துக்கான சுட்டியில் யுடிஎம் (UTM) குறிகளை, அதாவது வருகை எங்கிருந்து என்று காட்டும்படி முகவரியின் கடைசியில் ஒட்டும் சொற்களை, சேருங்கள்: மூலம் என்ற இடத்தில் தளத்தின் பெயர், பிரசாரம் என்ற இடத்தில் நூலின் பெயர். விற்பனைத் தளத்துக்கு நேரே போகும் சுட்டியில் இது பயன்படாது, அந்தப் பக்கத்தின் கணக்கு உங்கள் கைக்கு வராது. அதனால்தான் சொந்தப் பக்கம் நடுவில் இருப்பது நல்லது.

சுற்று முடிந்து ஒரு மாதம் கழித்து விரிதாளில் மூன்று நெடுவரிசைகளைச் சேருங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பின்னூட்டம், பதிவரோடு வேலை செய்வது எளிதாக இருந்ததா. மூன்றாவதற்கே அதிக மதிப்பு கொடுங்கள். மதிப்புரையிலிருந்து வரிகளை எடுத்தாளும்போது பொருள் மாறாமல், தளத்தின் பெயரோடு எடுங்கள். புதிய பதிப்பு வந்தாலோ, நூல் வேறு பதிப்பகத்துக்கு மாறினாலோ, மின்னூலின் அடையாள எண் மாறினாலோ, பழைய பதிவுகளில் இருக்கும் சுட்டிகள் செத்துப்போகலாம். எட்டுப் பதிவர்களுக்கும் புதிய சுட்டியை அனுப்பி மாற்றச் சொல்ல அரை மணி நேரம் போதும். சுட்டிகள் உங்கள் சொந்தப் பக்கத்துக்குப் போகும்படி முதலிலேயே கொடுத்திருந்தால் அந்த அரை மணி நேரமும் மிச்சம்.